ஆங்கர் எம்ப்ராய்டரி நூல்: தலையணை உறையும் மாடிப் பூவும் ஒரு செவலைப் பூனையும்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் புழங்குகிற, அடிக்கடி துவைக்கிற துணியில் கையால் பூப்போட ஆங்கர் ஸ்ட்ராண்டட் காட்டன் நூல் தாராளமாகப் போதும். இதைவிட விலை கூடியது தேவையில்லை, இதைவிட மலிவானது வேண்டவே வேண்டாம். கல்யாண ப்ளவுஸுக்கு ஆரி ஒர்க் போடுகிறவர்களுக்கு இந்த மதிப்புரை உதவாது, அவர்கள் கணக்கே வேறு.

நான் தொழிலாகத் தைப்பவள் இல்லை. தலையணை உறை, டிவி ஸ்டாண்டுக்கு ஒரு விரிப்பு, மகளின் பருத்திச் சுடிதாரில் கழுத்தோரம் நாலு பூ, அக்கம்பக்கத்தில் குழந்தை பிறந்தால் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். டிசைன் புத்தகமெல்லாம் கிடையாது; மொட்டைமாடித் தொட்டியில் அந்தந்த மாதம் எது பூக்கிறதோ அதுதான் துணிக்கு வரும். மதுரை வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கிற செம்பருத்தி, கனகாம்பரம், சங்குப்பூ, மழைக்காலம் ஓயும்போது டிசம்பர் பூ. வீட்டில் செவலை என்று ஒரு பூனை இருக்கிறான். பேருக்கேற்ற நிறம், நூல் என்றால் உயிர். ஒரு நூல் நல்லதா இல்லையா என்று நான் பார்ப்பது இந்த வீட்டையும் இந்த மாடியையும் இவனையும் வைத்துத்தான்.

சரி, நூலுக்கு வருவோம். நூல் கட்டு ஒன்றில் 8 மீட்டர் இருக்கும், ஆறு இழைகளை லேசாகச் சேர்த்து விட்டிருப்பார்கள். அந்த 'லேசாக' என்பதுதான் முக்கியம். தையல் மிஷினில் போடுகிற நூல்போல இறுக்கி முறுக்கியிருந்தால் இழை பிரிக்க முடியாது. இதில் வேண்டிய இழையை மட்டும் உருவிக்கொள்ளலாம். ஓரம் கட்ட ஒன்று, இதழ் நிரப்ப இரண்டு, தலையணை உறையில் தூரத்திலிருந்து எடுப்பாகத் தெரிய மூன்று. ஆறையும் அப்படியே கோத்துத் தைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய துணியில் அது மூட்டை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், காடாத் துணி என்றால் பரவாயில்லை. இழைகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி, அப்புறம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு இழையை ஒன்றாகப் பிடித்து இழுத்தால் மிச்ச நாலும் சுருண்டு முடிச்சு விழும். நீளம் விரல் நுனியிலிருந்து முழங்கைவரை போதும். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு ஒரு கை நீளத்துக்கு எடுத்தால், துணிக்குள் போய்ப் போய் வந்து பாதியிலேயே நூல் மயிர்விட ஆரம்பித்துவிடும்.

பருத்திதான், ஆனால் மெர்சரைஸ் செய்த பருத்தி. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850இல் காப்புரிமை எடுத்த முறை அது. பருத்தியைக் காஸ்டிக் சோடா கரைசலில் முக்கினால் இழை உப்பி உருண்டு வரும், சாயத்தையும் நன்றாகக் குடிக்கும். இழுத்துப் பிடித்தபடி முக்கினால் பளபளப்பும் சேரும் என்று பிற்பாடு ஹொரேஸ் லோ என்பவர் கண்டுபிடித்தார். பட்டில்லாமலே இதழுக்கு ஒரு மினுமினுப்பு வருவது அதனால்தான். சாட்டின் ஸ்டிட்ச், அதாவது இழைகளைப் பக்கம்பக்கமாக நெருக்கி இதழை நிரப்புகிற தையல், போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்த்துப் பாருங்கள், செம்பருத்தி இதழில் வெயில் விழுந்த மாதிரியே இருக்கும். சாதாரணப் பருத்தி நூலில் எவ்வளவு நெருக்கித் தைத்தாலும் அது வராது.

ஆனால் நான் காசு கொடுப்பது பளபளப்புக்காக இல்லை, நம்பருக்காக. ஒவ்வொரு கட்டிலும் சுற்றியிருக்கிற காகிதப் பட்டையில் ஒரு எண் இருக்கும். 403 என்றால் கறுப்பு, 46 என்றால் நல்ல சிவப்பு, 1 என்றால் பளீர் வெள்ளை. இன்றைக்குப் பாதியில் நிற்கிற விரிப்பை அடுத்த வருஷம் எடுத்தாலும் அதே எண்ணைச் சொல்லி அதே நிறத்தை வாங்கிவிடலாம். வீட்டு வேலையில் எதுதான் ஒரே மூச்சில் முடிகிறது? அடுப்பில் குக்கர், வாசலில் கொரியர், மடியில் பூனை என்று விட்டுவிட்டுத் தைக்கிறவர்களுக்கு இந்த எண்ணைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. அதனால் பட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அட்டையில் நூலைச் சுற்றிவைக்கிற பழக்கம் இருந்தால் அட்டையிலேயே பேனாவால் எண்ணை எழுதிவிடுங்கள். எந்தக் கம்பெனி நூலானாலும் சாயம் போடுகிற லாட் மாறினால் ஒரே எண்ணில்கூட மயிரிழை வித்தியாசம் வரலாம் என்பதால், பெரிய பரப்பை நிரப்புவதாக இருந்தால் மட்டும் தேவையான கட்டுகளை ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது.

என் மாடிப் பூக்களுக்கு நான் வைத்திருக்கிற எண்களைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். செம்பருத்திக்கு 46, குழிந்து இருள்கிற அடிப்பக்கம் 44, நடுத்தண்டின் மகரந்தத்துக்கு 298இல் பிரெஞ்சு நாட் என்கிற முடிச்சுத் தையல். கனகாம்பரம் கொஞ்சம் ஏமாற்றுகிற பூ. ஆரஞ்சு என்று நினைத்து ஆரஞ்சை எடுத்தால் கேந்திப்பூவாகப் போய்விடும், உற்றுப் பார்த்தால் உள்ளே ஒரு ரோஸ் ஓடும். 329 எடுத்து, இதழின் அடியில் மட்டும் 330 கொடுத்தால் கிட்டே வருகிறது. டிசம்பர் பூவுக்கு 108, 109, 110 மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அடர்ந்துகொண்டே போகிற ஊதா. நெட்டையும் குட்டையுமாக மாற்றி மாற்றிப் போடுகிற லாங் அண்ட் ஷார்ட் தையலில் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் போட்டால் எனக்கு இதுவரை வந்ததிலேயே அழகான பூ அதுதான். இலைக்கு 267, 268. மல்லிகைதான் சிரமம். வெள்ளைத் துணியில் வெள்ளை மொட்டு யாருக்குத் தெரியும்? மொட்டின் காம்படியில் 259 என்ற வெளிறிய பச்சையை ஒற்றை இழையில் கோடு கோடாக விட்டால், வெள்ளை தானாகத் தூக்கிக்காட்டும்.

நிறம் பொருத்த பூவையே கடைக்குக் கொண்டுபோவது உத்தமம். ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். போனில் எடுத்த படத்தை நம்பாதீர்கள், ஊதாவை நீலமாகவும் சிவப்பை ஆரஞ்சாகவும் காட்டும். அப்புறம் ஒன்று, கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்துகிற நூல் வெயிலில் வேறு நிறமாக நிற்கும். "அண்ணே, வாசல்வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொன்னால் எந்தக் கடையிலும் மறுப்பதில்லை. மீனாட்சி அம்மன் கோயிலை ஒட்டிய புதுமண்டபத்தில் இருந்த தையல் சாமான் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகும் நான் அந்தப் பக்கம்தான் வாங்குகிறேன். நிஜ நூல் ஒட்டிய ஷேடு கார்டு இருக்கிற கடையாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அச்சடித்த கார்டு உதவாது. சின்னக் கடைகளில் ஓடுகிற நிறங்கள் மட்டும் இருக்கும்: சிவப்பு, மஞ்சள், ஒரு பச்சை, ஒரு நீலம். நடுவாந்தர நிறங்களுக்குப் பெரிய கடையோ ஆன்லைனோதான் கதி.

விலையைப் பொறுத்தவரை, ஒரு கட்டுக்கு இன்றைக்கு ஏறக்குறைய ஒரு டீ குடிக்கிற காசு. ஒரு தலையணை உறைக்கு ஏழெட்டு நிறம் எடுத்தாலும் பெரிய செலவில்லை, மிச்சம் அடுத்ததற்கு ஆகும்.

இப்போது மலிவானதைப் பற்றி. ஆன்லைனில் 'நூறு கலர் செட்' என்று கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு பெட்டி விற்கிறார்கள், பல பேர்களில் வருகிறது. எனக்கும் பிறந்தநாளுக்கு ஒன்று வந்தது. திறந்து பார்த்தால் வானவில், மனசு குளிர்ந்துதான் போனது. ஆனால் ஒரு கட்டிலும் எண் இல்லை. பிடித்த ஒரு பச்சை தீர்ந்தால் அது தீர்ந்ததுதான், இன்னொரு முழுப்பெட்டி வாங்கினாலும் அதே பச்சை வரும் என்று சொல்ல முடியாது. தொட்டாலே பாலியெஸ்டர் கலந்தது தெரிந்தது, இழை பிரிக்கும்போது விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதிலிருந்த சிவப்பில் தைத்த உறையை முதல் தடவை நனைத்ததும் பூவைச் சுற்றி ரோஸ் வளையம். குழந்தைகள் தையல் பழக, கைவளை பின்ன, பரிசுப்பொட்டலம் கட்ட அந்தப் பெட்டி சரி. துவைக்கிற துணிக்கு அது ஆகாது.

சிவப்பு, கருஞ்சிவப்பு, அடர்நீலம், கறுப்பு ஆகிய நாலையும் எவ்வளவு நல்ல கம்பெனியானாலும் சோதித்துவிட்டுத் தைப்பதுதான் என் வழக்கம். நூலில் ஒரு துண்டை நனைத்து, நனைத்த வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்தி, காயும்வரை விட்டால் தெரிந்துவிடும். சாயம் விட்டால் குளிர்ந்த தண்ணீரில் தெளியும்வரை அலசிவிட்டுத் தைக்கலாம். உப்புத் தண்ணீரில் ஊறவை, வினிகரில் ஊறவை என்று வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுத்தள்ளுங்கள். வினிகர் வேலை செய்வது பட்டு, கம்பளிக்குப் போடுகிற அமிலச் சாயத்தில். பருத்திச் சாயத்தை அது ஒன்றும் செய்யாது. காடாத் துணியையும் தைப்பதற்கு முன்பே ஒருமுறை நனைத்துச் சுருக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பூ அப்படியே இருக்க துணி மட்டும் சுருங்கி, பூவைச் சுற்றி மடிப்பு விழும். துவைத்ததைத் திருப்பிப் போட்டு நிழலில் உலர்த்துவது, இஸ்திரியைப் பூவின் மேல் வைக்காமல் துண்டு விரித்துப் பின்பக்கம் வைப்பது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தையல் கடைகளில் 'சில்க் த்ரெட்' என்று கிடைப்பது பெரும்பாலும் ரேயான், அதாவது செயற்கைப் பட்டு. மினுமினுப்பில் ஆங்கர் அதன் பக்கத்தில் நிற்க முடியாது, உண்மைதான். ஆரி ஊசிக்கும் ஃப்ரேமுக்கும் அது அருமையாகப் போகும். கை ஊசியில் கோத்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும், முடிச்சு நிற்காது. அதோடு ரேயான் நனைந்தால் வலுவிழக்கிற இழை. வருஷத்தில் இரண்டு தடவை கட்டுகிற புடவை ப்ளவுஸுக்கு அதனால் ஒரு மோசமும் இல்லை, தினமும் தலை வைத்துப் படுக்கிற உறைக்கு அது ஏன்?

விலை கூடியது என்றால் டிஎம்சி. பிரான்ஸில் மியூலூஸ் என்ற ஊரில் 1746இல் தொடங்கிய குடும்பத் தொழில், 500 நிறங்கள், அதே ஆறு இழை, அதே 8 மீட்டர். கையில் எடுத்தாலே ஒரு வழவழப்பு தெரியும், மயிர்விடுவதும் குறைவு. வெளிநாட்டு டிசைன்கள் பெரும்பாலும் டிஎம்சி எண்ணில்தான் வருகின்றன. மாற்று அட்டவணை இருக்கிறது, ஆங்கர் 403க்கு அது 310, நம் 46க்கு அது 666, ஆனால் எல்லா நிறமும் இப்படி நேருக்கு நேர் பொருந்தாது. சட்டம் போட்டு மாட்டுகிற படம் தைப்பவர்கள், ஒவ்வொரு ஷேடும் பேசுகிற மாதிரி வேலை செய்பவர்கள் அதை வாங்கினால் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் விலை பல மடங்கு. என் தலையணை உறைக்கு அதைப் போடச் சொன்னால் எனக்கு மனசு வராது, சோற்றுக்கறை பட்டால் தூக்கம் போய்விடும்.

மதுரைக்காரியாக எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கர் என்ற பேர் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் கிளார்க் குடும்பம் நடத்திய ஆங்கர் மில்லோடு வந்தது. நம் மாங்காய் டிசைனைச் சால்வையில் நெய்து பேர் வாங்கிய அதே ஊர். கிளார்க்கை 1896இல் அங்கேயே இருந்த கோட்ஸ் கம்பெனி சேர்த்துக்கொண்டது. இங்கே நம் ஊரில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரை மில் 1974இல் கோட்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. எங்கள் தலைமுறைக்குக் கடையில் போய் நூல் கேட்டால் அந்தப் பேர்தான் வரும். மில் சங்கு கேட்டு நேரம் பார்த்த வீடுகள் எங்கள் தெருவில் எத்தனையோ. அந்தப் பாசம் என் மதிப்பெண்ணில் அரை நட்சத்திரத்தைக் கூட்டியிருக்கலாம், கழித்துக்கொண்டு படியுங்கள்.

இனி செவலை. பூனை வளர்க்கிறவர்கள் நூல் வாங்கும் முன் படிக்க வேண்டிய பகுதி இது, சிரிப்புக்கு எழுதவில்லை. பூனை நாக்கில் உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கின்றன. வாய்க்குள் போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். ஒரு நுனி நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொள்ள, மறு நுனி குடலுக்குள் போனால், பாவாடை நாடாவில் துணி சுருங்குவதுபோலக் குடல் நூலோடு சுருங்கி, அறுபட்டும் போகலாம். அப்புறம் ஆபரேஷன்தான். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கக் கூடாது, வெட்டியெடுக்கவும் முனையக் கூடாது, அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நூலோடு ஊசியும் சேர்ந்து போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த விஷயத்தில் பருத்தி நூல் ரேயானைவிடப் பத்திரம் என்றெல்லாம் இல்லை, எந்த நூலும் ஒன்றுதான். ஆனால் அளவாக எட்டு மீட்டர் கட்டாக வருவது எனக்கு ஒரு வசதி. அன்றைக்கு வேண்டிய நாலு கட்டை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு மற்றதை பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுகிறேன். பிளாஸ்டிக் டப்பா மூடியை அவன் நகத்தால் நெம்பிவிடுவான், டின் மூடி அவனால் ஆகவில்லை. நறுக்குகிற நுனிகளுக்கு இடுப்பில் ஒரு சின்னச் சுருக்குப்பை. தரையில் ஒரு துணுக்கும் விழக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எழுந்து போகும்போது ஊசியை ஃப்ரேமில் குத்திவைத்துவிட்டுப் போகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஃப்ரேமையே பீரோவுக்குள் வையுங்கள். துணியின் மேல் படுப்பதை நான் தடுப்பதில்லை, தடுத்தாலும் கேட்கப்போவதில்லை. செவலை முடி இரண்டு மூன்று சாட்டின் ஸ்டிட்சுக்குள் மாட்டி அப்படியே தங்கிவிடும். கனகாம்பரத்தில் தெரியாது, மல்லிகையில் தெரியும். செல்லோடேப்பை ஒட்டி எடுத்தால் பாதி வரும், பாதி வராது.

தோட்டத்துக்கும் அவனால் ஒரு தடை இருக்கிறது. லில்லி வகைகள் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இலையைக் கடித்தால் மட்டுமில்லை, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். அரளி இதயத்தைப் பாதிக்கும். செங்காந்தளில் கால்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கில் ரொம்ப. நம் மாநிலப் பூவாச்சே என்று ஒரு கிழங்கு நட ஆசைதான், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ரோஜா, செம்பருத்தி, மல்லிகை போன்றவற்றால் அப்படிப் பயமில்லை என்பதால் மாடியில் அவைதான் அதிகம். வளர்க்க முடியாத பூக்கள் எல்லாம் துணிக்குப் போய்விட்டன. செங்காந்தளுக்கு அடியில் 290 மஞ்சள், நுனியில் 46 சிவப்பு, நடுவில் இரண்டிலும் ஒவ்வோர் இழை சேர்த்துக் கோத்து லாங் அண்ட் ஷார்ட். இதழ் ஓரம் நெளிந்து நெளிந்து வருவதால் நேரம் பிடிக்கும், காம்புத் தையலில் ஓரத்தை முதலில் போட்டுக்கொண்டால் நெளிவு தப்பாது. கூடத்து சோபா மெத்தையில் இப்போது செங்காந்தள்தான், அதன் மேல் செவலைதான் படுத்துக் கிடக்கிறான்.

குறை என்றால், ஆங்கர் கட்டைச் சரியான நுனியில் இழுக்காவிட்டால் சிக்கு விழும். கீழே நீட்டிக்கொண்டிருக்கிற நுனியைத் தேடி மெல்ல இழுக்க வேண்டும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் நடுவில் பிடித்து இழுத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறார்கள். காகிதப் பட்டை சீக்கிரம் கழன்றுவிடும். ஊசி வேறு தனியாக வாங்க வேண்டும். இரண்டு மூன்று இழைக்கு எம்ப்ராய்டரி ஊசி 7 அல்லது 8 சரியாக இருக்கும், எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தொடங்குகிறவர்கள் பெட்டியாக வாங்காதீர்கள். உங்கள் வாசலில் பூத்திருக்கிற ஒரு பூவைப் பார்த்து அதற்கு வேண்டிய நாலு எண், கூட ஒரு பச்சை, ஒரு மர ஃப்ரேம். அது முடிந்த பிறகு அடுத்த பூவுக்கு.

என்னிடம் சரியாக வராமல் இருப்பது சங்குப்பூ நீலம் ஒன்றுதான். 133 வெறும் நீலமாக நிற்கிறது, 119 ஊதாவாகப் போய்விடுகிறது. இரண்டிலும் ஒவ்வோர் இழை சேர்த்துக் கோத்தால் கிட்டே வருகிறது, ஆனாலும் காலை வெயிலில் பூவை மேலே வைத்தால் நூல் மங்கித்தான் தெரிகிறது. யாராவது சரியான எண் பிடித்திருந்தால் சொல்லுங்கள்.